‘ரேகை விழவில்லை’ என்பதற்கு என்ன பொருள்?

அயனாவரத்தான் | 3 நவம்பர் 2025, காலை 10.20

என் தாயாருக்கு 74 வயது. நான்கு மாதங்களாக ரேஷன் கடையில் அவருடைய ரேகை விழவில்லை. கடை ஊழியர் தெரிந்தவர் என்பதால் வேறு வழியில் பொருளைக் கொடுத்துவிடுகிறார். ஆனால் இந்த மாதம் குடும்ப ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அங்கேயும் இதே கதை. ஒருவருடைய ரேகை சாகும்வரை மாறாது என்றுதான் பள்ளியில் படித்தோம். மாறாது என்பது உண்மையானால் இயந்திரம் ஏன் மறுக்கிறது? மாறும் என்றால் அதை வைத்து எப்படி ஆளை உறுதி செய்கிறார்கள்? அம்மா முப்பது ஆண்டுகள் வீட்டிலேயே அப்பளம் இட்டு விற்றவர். அது காரணமாக இருக்குமா?

பழைய சர்வீஸ்காரன் | 3 நவம்பர், இரவு 9.45

வருகைப் பதிவுக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாகப் பத்தொன்பது ஆண்டுகள் அம்பத்தூரிலும் கிண்டியிலும் அலைந்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். ஆதார் ஆணையத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

பள்ளியில் படித்தது சரிதான். தாயின் வயிற்றில் நான்கு மாதம் ஆவதற்குள் விரல் நுனியில் அமைந்துவிடும் மேடுபள்ளங்களின் அமைப்பு பிறகு மாறுவதில்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கும் அது வேறுவேறாகத்தான் இருக்கும். ஆனால் இயந்திரம் விரலைப் பார்ப்பதில்லை. கண்ணாடியின் மேல் விரல் விட்டுச்செல்லும் பதிவைத்தான் பார்க்கிறது. ஒளியில் இயங்கும் கருவியின் உள்ளே ஒரு பட்டகம் இருக்கும். தோலின் மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி திரும்பாமல் சிதறுவதால் அந்த இடம் கருப்பாகவும், பள்ளத்தில் காற்று இருப்பதால் ஒளி முழுமையாகத் திரும்பி அந்த இடம் வெளுப்பாகவும் தெரிகின்றன. வயது ஏறத் தோல் வறண்டு நெகிழ்ச்சி குறையும்போது மேடுகள் கண்ணாடியில் ஒழுங்காகப் படிவதில்லை. கோடுகள் துண்டு துண்டாக விழுகின்றன.

அப்பளத்துக்கு வருவோம். அப்பளக்காரத்தில் (அப்பள மாவில் சேர்க்கும் கார உப்பு) ஆண்டுக்கணக்கில் ஊறிய கை என்றால் மேடுகள் தேய்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சிமெண்ட் கலவை தொடுபவர்களிடமும் பாத்திரம் தேய்ப்பவர்களிடமும் நான் அன்றாடம் பார்த்த சங்கதிதான் இது. ஈரத்துணியால் விரலைத் துடைத்து, நெற்றியில் ஒருமுறை தேய்த்துச் சிறிது எண்ணெய்ப் பசை ஏற்றி, அழுத்தாமல் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

பழைய சர்வீஸ்காரன் | 4 நவம்பர், காலை 7.10

நேற்று எழுதியதில் ஒரு குறை. ‘ரேகை விழவில்லை’ என்ற ஒரே தொடரில் இரண்டு வெவ்வேறு தோல்விகளை நாம் அடைத்துவிடுகிறோம். ஒன்று, படமே தேறவில்லை என்பது. மற்றொன்று, படம் நன்றாகத் தேறியும், பதிந்து வைத்த பழைய பதிவோடு பொருந்தவில்லை என்பது. கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற சில பத்துப் புள்ளிகளை எடுத்து, அவற்றின் இடத்தையும் சாய்வையும் மட்டும் வைத்துத்தான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். முதல் தோல்விக்கு ஈரத்துணி உதவும். இரண்டாவதற்கு உதவாது.

பழைய சர்வீஸ்காரன் | 5 நவம்பர், இரவு 11.05

மழையில் மின்சாரம் போய் வந்திருக்கிறது, தூக்கம் வரவில்லை. ‘இயந்திரம் மறுக்கிறது’ என்று நீங்கள் எழுதியதைப் பற்றி எனக்குச் சொந்தமாக ஒரு கதை உண்டு.

அம்பத்தூரில் நானூறு பேர் வேலை செய்த ஒரு தொழிற்சாலையில், உதிரிபாகங்களைக் கழுவும் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். நாள் முழுவதும் கரைப்பானில் கை நனைப்பவர். வாசலில் நான் பொருத்திய கருவி வாரத்தில் இரண்டு நாளாவது அவரை அறியமாட்டேன் என்று சொல்லிவிடும். கணக்கில் அரைநாள் கூலி போய்விடும். ‘தம்பி, நான் வந்து நிற்பதை வாட்ச்மேன் பார்க்கிறார், மேஸ்திரி பார்க்கிறார், இந்தப் பெட்டிக்கு மட்டும் கண் தெரியவில்லையா’ என்று ஒருநாள் என்னிடமே கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு பதிவுகள் முழுவதும் ஒத்துப்போவது என்பது ஒருபோதும் நடக்காது. ஒரே விரலை அடுத்தடுத்து இரண்டு முறை வைத்தாலும் இரண்டு படங்கள்தான் கிடைக்கும். ஆகவே கருவி எவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஒரு மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்டினால் ‘ஆம்’, தாண்டாவிட்டால் ‘இல்லை’. அந்த வரம்பை வைப்பது மனிதன். அந்தத் தொழிற்சாலையில் அதை வைத்தவன் நான். 35 இல் இருந்ததை 25 க்கு இறக்கினேன். மறுநாளிலிருந்து அந்த அம்மாவுக்குக் கதவு திறந்தது. எனக்கு ஒரு டீயும் கிடைத்தது.

அடுத்த மாதம் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. திருவண்ணாமலைக்கு ஊருக்குப் போயிருந்த ஒருவரின் பெயரில் இரண்டு நாள் வருகை ஏறியிருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, வேறொருவர் நேர்மையாக வைத்த விரலை, இறங்கிய வரம்பின் காரணமாகக் கருவி இவருடையது என்று எடுத்துக்கொண்டுவிட்டது. தவறான மறுப்பைக் குறைத்தால் தவறான ஏற்பு கூடும் என்று பயிற்சியில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருந்தார்கள். அது இன்னொருவருடைய சம்பளச் சீட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தீர்வு எளிமையாக இருந்தது. வரம்பைப் பழையபடி ஏற்றிவிட்டு, அந்த அம்மாவை மட்டும் முதலில் தம்முடைய டோக்கன் எண்ணை அழுத்திவிட்டு விரலை வைக்கச் சொன்னேன். ‘இது யார்’ என்று நானூறு பேரில் தேடுவதற்கும், ‘இவர் 217 தானா’ என்று ஒரே ஒரு பதிவோடு ஒப்பிடுவதற்கும் உள்ள வேறுபாடு அது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும்போது வரம்பைத் தாழ்வாக வைத்தாலும் ஆபத்து குறைவு. ரேஷன் கடையில் முதலில் அட்டையைக் காட்டச் சொல்வதும் இதனால்தான். உங்கள் தாயாரை நாட்டு மக்கள் அனைவரிடையேயும் அங்கே யாரும் தேடவில்லை.

அயனாவரத்தான் | 7 நவம்பர், மாலை 6.30

ஐயா, ஈரத்துணி, நெற்றி எல்லாம் செய்து பார்த்தோம்; பயனில்லை. இன்று கருவிழிக் கருவியிலும் முயன்றோம், அதுவும் ஏற்கவில்லை. காலையில் கண் மருத்துவமனைக்குச் சென்று பரிசோதனை முடித்து, வரும் வழியில்தான் கடைக்குப் போனோம்.

பழைய சர்வீஸ்காரன் | 7 நவம்பர், இரவு 8.50

பரிசோதனைக்காகக் கண்ணில் மருந்து ஊற்றியிருப்பார்களே! அது கண்மணியை விரித்துவிடும். கருவி படிப்பது கண்மணியைச் சுற்றியுள்ள வளையத்தில் இருக்கும் இழைகளையும் குழிகளையும்தான். நம் ஊர்க் கண்களில் அந்த வளையம் கரும்பழுப்பாக இருப்பதால் சாதாரண வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் இழையெல்லாம் துலக்கமாகத் தெரியும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் டாக்மன் 1994 இல் காப்புரிமை பெற்ற முறையில், அந்த வளையம் 2048 பூச்சியம், ஒன்றுகளாக எழுதப்படுகிறது. தொடர்பில்லாத இரண்டு கண்களை ஒப்பிட்டால், நாணயம் சுண்டியதுபோல் ஏறத்தாழப் பாதி இடங்கள் வேறுபடும். அதே கண்ணை மீண்டும் எடுத்தால் வேறுபாடு மிகவும் குறையும். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே கோட்டைக் கிழித்து, அதற்குள் வந்தால் அதே கண் என்று கொள்வது டாக்மன் காட்டிய வழி. வலக்கண்ணும் இடக்கண்ணும் ஒரே ஆளுடையவை ஆனாலும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கண்மணி விரிந்தால் வளையம் ஒடுங்கி மெல்லிய விளிம்பாகிவிடும். கணிதத்தில் அதை இழுத்து நிரவ வழி உண்டு என்றாலும், மருந்தால் விரிந்த கண்ணில் அது பல சமயம் போதாது. இரண்டு நாள் கழித்துப் போங்கள். கண்ணில் அப்பளக்காரம் பட்டிருக்காது. விரலைவிடக் கண் நம்பகமானது.

பழைய சர்வீஸ்காரன் | 8 நவம்பர், காலை 6.40

நேற்றைய கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆதார் வழக்கில் 2018 இல் ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் சொன்ன கணக்கின்படி, விரல்ரேகைச் சரிபார்ப்பு தோற்ற விகிதம் 6 சதவீதம்; கருவிழியில் அது 8.54 சதவீதம். கண் நுட்பமானதுதான், ஆனால் கருவியை நேராகப் பிடிக்கவும், இமையை விரித்து அசையாமல் இருக்கவும் ஒருவருக்குப் பழக்கம் வேண்டும். ஆய்வகத்தில் வெல்வது கடை வாசலில் வெல்லும் என்று எழுதியது என் அவசரம்.

பழைய சர்வீஸ்காரன் | 9 நவம்பர், பிற்பகல் 3.15

இந்த இழையைப் படித்துவரும் கணக்கு ஆசிரியர் ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார்: ஒருவரைச் சரிபார்க்க முடிந்தால் எல்லோரிடையேயும் தேடுவதும் முடியும்தானே, அது அதே வேலையைப் பல முறை செய்வதுதானே?

அதே வேலைதான், பிழையும் அத்தனை முறை பெருகும். பத்து இலட்சம் ஒப்பீட்டில் ஒன்று தவறாகப் பொருந்தும் என்று வையுங்கள். ஒருவரைச் சரிபார்க்க அது அருமையான கருவி. அதையே எட்டுக் கோடிப் பேரில் தேடப் பயன்படுத்தினால், எண்பது பேர் ‘நான்தான்’ என்று வந்து நிற்பார்கள். அதனால்தான் ஆதாரில் புதிதாகப் பதியும்போது பத்து விரல், இரண்டு கண் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். அப்படி வாங்கியும், 8.4 கோடிப் பதிவுகள் இருந்தபோது தாங்கள் நடத்திய சோதனை என்று ஆணையம் 2012 இல் வெளியிட்ட அறிக்கையில், புதியவரைத் தவறாக ஏற்கெனவே பதிந்தவர் என்று சொல்லும் விகிதம் 0.057 சதவீதம். கேட்கச் சிறியது. ஒரு கோடிப் பேர் புதிதாக வந்தால் 5,700 பேர்.

எல்லோரோடும் ஒப்பிடாமல் தேடும் வித்தை பழையது. கல்கத்தாவில் 1897 இல் உலகின் முதல் விரல்ரேகை அலுவலகம் தொடங்கியபோது, அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரண்டு காவல் அதிகாரிகள் உழைத்து உருவாக்கிய வகைப்பாடு, சுழிகள் எந்தெந்த விரலில் இருக்கின்றன என்பதை வைத்து முழுத்தொகுப்பையும் 1,024 அறைகளாகப் பிரித்தது. பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி ஹென்றிக்குப் போயிற்று. நம் பக்கத்தில் இதற்கு உவமை வேண்டுமானால் வைத்தீசுவரன் கோயிலுக்குப் போகலாம். ஆணுக்கு வலது பெருவிரல், பெண்ணுக்கு இடது பெருவிரல் என்று ரேகை வாங்கி, 108 வகையில் இது எந்த வகை என்று பார்த்து ஏட்டுக்கட்டை எடுத்து வருவதாகச் சொல்வார்கள். ஏடு சொல்லும் பலனைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. ஆனால் கட்டுகளை வகை பிரித்து வைத்திருப்பது நல்ல நூலகப் பழக்கம். உள்ளே போனபின் ‘உங்கள் தகப்பனார் பெயர் ம-வில் தொடங்குமா’ என்று கேட்டுக் கேட்டுச் சுருக்குகிறார்களே, அங்கேதான் ரேகையின் வேலை முடிந்து விசாரணை தொடங்குகிறது.

சிரித்துவிட்டுப் போகமுடியாத செய்தியும் உண்டு. 2004 மார்ச்சில் மாட்ரிட் இரயில் குண்டுவெடிப்புக்குப் பின், டெட்டனேட்டர்கள் (குண்டை வெடிக்கவைக்கும் சிறு கருவிகள்) இருந்த ஒரு பையில் கிடைத்த ரேகையை அமெரிக்க எஃப்பிஐ தன் தொகுப்பில் தேடியது. கணினி இருபது பேரைத் தந்தது. பட்டியலில் நான்காவதாக இருந்தவர் ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டு. நிபுணர்கள் அவருடையதுதான் என்று உறுதி சொன்னார்கள். அவர் இரண்டு வாரம் காவலில் இருந்த பிறகு, ஸ்பெயின் காவல்துறை அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டது. கோடிக்கணக்கில் தேடினால் உண்மையான ஆளைப் போலவே தோற்றமளிக்கும் ஒருவர் எங்கோ இருப்பார். பட்டியலை அவரைக்கொண்டு நிரப்புவதே அந்தத் தேடலின் இயல்பு. முகத்தை வைத்துக் கூட்டத்தில் ஆளைத் தேடும் கேமராக்களைப் பற்றி யாராவது பெருமை பேசினால் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வருகிறது.

அயனாவரத்தான் | 13 நவம்பர், இரவு 7.55

கண் மருந்தின் வேகம் தணிந்த பிறகு மீண்டும் போனோம், அப்போதும் இல்லை. உயிர்வாழ் சான்றிதழுக்குக் கைபேசியில் முகம் காட்டும் செயலி இருக்கிறதே, அதிலும் ஏற்கவில்லை. ஓடிபி மட்டும் கேட்டவுடன் வருகிறது. இதற்கிடையில் என் அக்கா வீட்டுக்காரர், ‘ரேகையே ஆபத்து, சிலிக்கானில் விரல் செய்து பணத்தை எடுத்துவிடுகிறார்கள்’ என்று எல்லோரையும் பயமுறுத்துகிறார். அது உண்மையா?

பழைய சர்வீஸ்காரன் | 13 நவம்பர், இரவு 10.30

முகத்துக்கு: சன்னலுக்கு எதிரே முகம் வெளிச்சம் பார்த்து இருக்கும்படி உட்காரவைத்து முயலுங்கள். ஆதாரில் உள்ள படம் பழையதாக இருந்தாலும் சிக்கல் வரும்.

அக்கா வீட்டுக்காரர் சொல்வது உண்மைதான். ஜப்பானில் மட்சுமோட்டோ என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2002 இலேயே, மிட்டாய்க்குப் பயன்படும் ஜெலட்டினில் விரல் வார்த்துப் பதினொரு கருவிகளை ஏமாற்றிக் காட்டினார்கள். 2013 இல் ஐபோனில் ரேகைப் பூட்டு வந்த சில நாளிலேயே ஜெர்மனியில் ஒருவர், கண்ணாடிப் பரப்பில் பதிந்த ரேகையைப் படமெடுத்து அதைத் திறந்துவிட்டார். நம் நாட்டில் அவ்வளவு பாடுபடவும் தேவையில்லை. பத்திரப் பதிவில் நாம் வைக்கும் பெருவிரல் ரேகையின் நகலே போதும். தெலங்கானாவில் 2018 இல் சிம் அட்டை விற்றுவந்த ஒருவர், பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்துப் போலி செய்து பிடிபட்டார்.

இத்தனைக்கும் 1858 இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை முழுதாக மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதியவைத்தது, பின்னால் கையெழுத்து தன்னுடையதில்லை என்று அவர் மறுக்காதபடி மிரட்டத்தான். மறுக்கமுடியாத சான்று என்று பதிந்த கைநாட்டே இன்று திருடனுக்கு அச்சாகிறது. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்றமுடியாது.

இதனால் ஆணையம் 2023 இல், வந்திருப்பது உயிருள்ள விரல்தானா என்று சரிபார்க்க, புள்ளிகளோடு ரேகையின் படத்தையும் சேர்த்து ஆராயும் முறையைக் கொண்டுவந்தது. நம் கையில் உள்ள வழி வேறு. ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ உங்கள் விரல், விழி, முகம் மூன்றையும் பூட்டிவைக்கலாம். பூட்டியபின் யார் வைத்தாலும், நீங்களே வைத்தாலும், சரிபார்ப்பு நடக்காது. ஓடிபி மட்டும் இயங்கும். அக்கா வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், நிம்மதியாகத் தூங்குவார்.

பழைய சர்வீஸ்காரன் | 14 நவம்பர், அதிகாலை 4.20

எழுதிவிட்டுப் படுத்தவனுக்கு இப்போதுதான் உறைக்கிறது. விரல் இல்லை, விழி இல்லை, முகம் இல்லை, ஓடிபி மட்டும் உண்டு.

மறுப்பு வரும்போது கருவியின் திரையில் ஓர் எண் வரும். அது 300 என்றால் பதிவு பொருந்தவில்லை என்று பொருள். 330 என்றால் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். உங்கள் தாயாருக்கு என்ன எண் வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். யார் தொலைபேசி செய்தாலும் ‘திரையில் என்ன எண் வருகிறது’ என்று முதலில் கேட்டுப் பழகிய நான், பதினொரு நாளாக அதைக் கேட்கவேயில்லை.

அயனாவரத்தான் | 15 நவம்பர், மாலை 5.10

330. அது கூடவே ஆங்கிலத்தில் ஒரு வரியும் வருகிறது. ஊழியர் அதைப் படிக்காமல் ‘ரேகை விழலம்மா’ என்று சொல்லியே பழகிவிட்டார், நாங்களும் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஜூன் மாதக் கடைசியில் ஏதோ மோசடிச் செய்தியைப் படித்துவிட்டு, வீட்டில் எல்லோருடையதையும் பூட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய விரலைக் கருவியில் வைக்கவேண்டிய தேவை அவருக்கு இதுவரை வரவில்லை.

பழைய சர்வீஸ்காரன் | 15 நவம்பர், இரவு 8.00

விரலுக்கு அப்பளக்காரம், விழிக்குக் கண் மருந்து, முகத்துக்கு வெளிச்சம் என்று மூன்று தோல்விக்கு மூன்று காரணம் கண்டுபிடித்தேன். மூன்றும் தனித்தனியே நம்பும்படி இருந்ததுதான் வினை. 4 ஆம் தேதிக் குறிப்பில் தோல்வி இரண்டு வகை என்று எழுதினேன். மூன்று என்று திருத்திக்கொள்ளுங்கள். ஒப்பிடவே மறுப்பது மூன்றாவது. அங்கே இயந்திரம் உங்கள் தாயாரின் விரலைப் பற்றி எந்தக் கருத்தும் சொல்லவில்லை.

பூட்டியதுபோலவே, ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ ஓடிபி கொடுத்து உள்ளே போய்ப் பூட்டைத் திறக்கலாம். சிறிது நேரத்துக்கு மட்டும் திறக்கும் வசதியும் உண்டு. மருமகனின் பயத்தில் நியாயம் இருப்பதால் வேலை முடிந்ததும் பழையபடி பூட்டிக்கொள்ளுங்கள், ஆனால் இந்த முறை அம்மாவிடம் சொல்லிவிட்டு.

அயனாவரத்தான் | 18 நவம்பர், பிற்பகல் 1.25

இன்று திறந்துவிட்டுப் போனோம். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஏற்கவில்லை, 300 வந்தது. வலது நடுவிரலை வைத்ததும் ஏற்றுக்கொண்டது. உயிர்வாழ் சான்றிதழும் முடிந்தது.

பழைய சர்வீஸ்காரன் | 18 நவம்பர், பிற்பகல் 2.10

அப்பளத்தை உருட்டித் தட்டியது அந்த இரண்டு விரல்கள்தானே. 3 ஆம் தேதிக் குறிப்பை அப்படியே விட்டுவைக்கிறேன். இனி எங்கே போனாலும் நடுவிரலிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.